நிஜக் கவசம் பூண்ட நடிகர்: ஒன்பதாம் டன்ஜூரோவின் கலை வாழ்க்கை

1899 நவம்பர் மாதக் கடைசி. தோக்கியோவின் கபுகிஸா அரங்கத்துக்குப் பின்புறம், ஒரு தேநீர் விடுதியை ஒட்டிய திறந்தவெளியில் மேடை போட்டிருந்தார்கள். அன்று காற்று பலமாக வீசியது. ஷிபாட்டா ட்சுனெகிச்சி என்ற ஒளிப்பதிவாளர் படப்பெட்டியோடு காத்திருந்தார். மேடையில் இளவரசி வேடத்தில் விசிறி வைத்து ஆடியவர் 61 வயதை எட்டிக்கொண்டிருந்த ஓர் ஆண். ஆட்டத்தின் நடுவே காற்று விசிறியைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டது. இன்னொரு முறை ஆடி எடுத்துக்கொள்ளலாம் என்ற பேச்சுக்கு அவர் இடம் தரவில்லை. விசிறி பறந்தது பறந்ததுதான்; படத்தில் அது அப்படியே இருக்கிறது.

'மொமிஜிகாரி' என்ற அந்தப் படம் சில நிமிடங்களே ஓடும். ஜப்பானில் எடுக்கப்பட்டு இன்றும் எஞ்சியிருக்கும் மிகப் பழைய படங்களில் ஒன்று. 2009இல் ஜப்பானிய அரசு முக்கியப் பண்பாட்டுச் சொத்துகளின் பட்டியலில் முதன்முதலாக ஒரு திரைப்படத்தைச் சேர்த்தபோது, இதைத்தான் சேர்த்தது. அதில் ஆடியவர் ஒன்பதாம் இச்சிகாவா டன்ஜூரோ. படமெடுப்பது அவருக்குத் துளியும் பிடிக்காத காரியம். தாம் உயிரோடு இருக்கும்வரை பொதுமக்களுக்குக் காட்டக் கூடாது என்ற நிபந்தனையின் பேரில்தான் ஒப்புக்கொண்டார்.

ஜப்பானின் பழைய நாடகக் கலையான கபுகி என்றதும் நம் நினைவுக்கு வருவது என்ன? சிவப்பும் கறுப்புமாக வரி தீட்டிய முகம், உருட்டி விழிக்கும் கண், பெண் வேடமிட்ட ஆண். நானூறு ஆண்டுகளாக மாறாமல் வந்த மரபு என்றுதான் பயண நூல்கள் எழுதுகின்றன. ஆனால் இன்று கபுகி மேடையில் 'பழைய முறை' என்று மதிக்கப்படுவதில் கணிசமான பங்கு 1880க்கும் 1903க்கும் இடையில் இந்த ஒரு மனிதர் கையில் உருவானது. அதுவும் அவர் திட்டமிட்டு உருவாக்கியதல்ல. வேறொன்றைச் செய்ய ஆயுள் முழுக்க முயன்றார். அதில் தோற்றார். அந்தத் தோல்வியிலிருந்து கையில் மிஞ்சியதை எடுத்துக்கொண்டு பழைய நாடகங்களுக்குத் திரும்பினார். நாம் இன்று பார்க்கும் கபுகி பெரும்பாலும் அந்தத் திரும்புதலின் விளைவு.

அவர் பிறந்த வீட்டிலிருந்து தொடங்க வேண்டும். எடோ நகரத்தில், அதாவது இன்றைய தோக்கியோவில், டன்ஜூரோ என்பது ஓர் ஆளின் பெயர் மட்டுமல்ல; பதினேழாம் நூற்றாண்டின் கடைசியிலிருந்து தலைமுறை தலைமுறையாக ஒருவர் பின் ஒருவராகச் சூடிக்கொண்ட பட்டம். ஒன்றுக்குள் ஒன்றாக அடங்கிய மூன்று சதுர அளவைப் பெட்டிகள் அந்தக் குடும்பத்தின் சின்னம். வீரமும் மிடுக்கும் மிகைப்பட்ட 'அராகொத்தோ' என்ற முரட்டு ஆட்டம் அவர்களின் சொத்து. டன்ஜூரோ கண்ணை உருட்டி ஒரு முறை விழித்தால் அந்த ஆண்டு முழுக்க நோய்நொடி அண்டாது என்று எடோ மக்கள் நம்பினார்கள்.

ஏழாம் டன்ஜூரோ 1791இல் பிறந்தவர். தன் குலத்துக்கே உரிய பதினெட்டு நாடகங்களைத் தொகுத்து 'கபுகி ஜூஹாச்சிபான்' என்று 1832இல் அறிவித்தார். பட்டத்தை மூத்த மகனுக்குக் கொடுத்துவிட்டு எபிஸோ என்ற பெயரோடு தொடர்ந்து நடித்தார். அவருடைய ஐந்தாம் மகனாக 1838இல் பிறந்தவர்தான் நம் கதாநாயகர். பிறந்த கையோடு குழந்தையைத் தத்துக் கொடுத்துவிட்டார்கள். வாங்கிக்கொண்டவர் கவாராஸாகி என்ற நாடக அரங்கின் உரிமையாளர், ஆறாம் கவாராஸாகி கொன்னொஸுகே. கபுகி உலகில் தத்து என்பது அன்றாட வழக்கம். பட்டம் இரத்தத்தை விடப் பெரியது என்பது அங்கே கணக்கு. அந்த வளர்ப்புத் தந்தை கண்டிப்பானவர். விடிந்ததிலிருந்து பொழுது சாயும்வரை நடனம், இசை, எழுத்துக்கலை, ஓவியம், தேநீர்ச் சடங்கு என்று பாடம் மாற்றிப் பாடம். விளையாட நேரமே இல்லாத பிள்ளைப் பருவம்.

அந்தப் பிள்ளைக்கு மூன்று வயதானபோது, 1842இல், பெற்ற தகப்பனைக் கைது செய்தார்கள். நாட்டை ஆண்ட ஷோகுன் என்ற படைத்தலைவரின் ஆட்சி 'தென்போ சீர்திருத்தம்' என்ற பெயரில் ஆடம்பரத்தை ஒழிக்கப் புறப்பட்டிருந்த காலம் அது. நாடக அரங்குகளை நகர மையத்திலிருந்து பிடுங்கி, அஸாகுஸாவின் ஓரத்தில் ஸாருவாகா என்ற ஒரே தெருவுக்குள் ஒதுக்கினார்கள். நடிகர்கள் வெளியே போகும்போது முகத்தை மறைக்கும் ஆழமான கோரைத் தொப்பி அணிய வேண்டும் என்று விதித்தார்கள். நடிகர் எவ்வளவு சம்பாதித்தாலும் சமூகத்தின் அடுக்குகளுக்கு வெளியே நிற்பவர். 'ஆற்றுப்படுகை ஆட்கள்' என்பது அவர்களுக்கு வழங்கிய இழிபெயர். ஏழாம் டன்ஜூரோமீது சுமத்திய குற்றம் தகுதிக்கு மீறிய ஆடம்பரம். மாளிகை போன்ற வீடு கட்டியது அதில் ஒன்று. மேடையில் பொய்க் கவசத்துக்குப் பதிலாக நிஜமான போர்க் கவசத்தை அணிந்தது இன்னொன்று. வீட்டை இடித்தார்கள். எடோவை விட்டு அவரைத் துரத்தினார்கள். ஏறக்குறைய எட்டு ஆண்டுகள் வெளியூர் மேடைகளில் ஆடிவிட்டுத்தான் அவரால் ஊர் திரும்ப முடிந்தது.

அந்தக் கவசத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கதை மீண்டும் அதனிடம் வரும்.

பட்டத்தை ஏற்றிருந்த எட்டாம் டன்ஜூரோ பேரழகர். எடோவின் பெண்கள் கொண்டாடிய நாயகன். ஊரைவிட்டுத் துரத்தப்பட்ட தகப்பனுக்காக உருகிய மகன் என்று அரசே அவரைப் பாராட்டிப் பரிசளித்தது. 1854இல் ஒசாக்காவில் ஆடப் போனவர் விடுதியில் தற்கொலை செய்துகொண்டார். வயது முப்பதுதான். காரணம் இன்றுவரை புதிர். அவர் சாவைச் சித்திரித்து நூற்றுக்கணக்கான வண்ண மரஅச்சுப் படங்கள் விற்றன. அதன் பின் இருபது ஆண்டுகள் டன்ஜூரோ என்ற பட்டம் சூட ஆளின்றிக் கிடந்தது. தம்பியோ தத்துப்போன வீட்டில் கவாராஸாகி கொன்ஜூரோ என்ற பெயரில் வளர்ந்துகொண்டிருந்தார்.

வளர்ந்த வீட்டிலும் துயரம்தான். 1850களின் நடுவில் கவாராஸாகி அரங்கு நடத்தும் உரிமையை இழந்தது. அதை மீட்பதே வளர்ப்புத் தந்தையின் வாழ்நாள் ஏக்கம். 1868இல், ஷோகுன் ஆட்சி கவிழ்ந்து நகரமே கலங்கிக் கிடந்த நாட்களில், வீடு புகுந்த கொள்ளையர்கள் அவரைக் கொன்றுவிட்டார்கள். மகன் வளர்ப்புத் தந்தையின் பெயரை ஏற்று ஏழாம் கொன்னொஸுகே ஆனார். 1874இல் ஷிபா பகுதியில் கவாராஸாகி அரங்கை மீண்டும் கட்டி எழுப்பினார். வளர்த்தவருக்கான கடனைத் தீர்த்த அதே மேடையில், பெற்றவரின் குலப் பட்டத்தைச் சூடி ஒன்பதாம் டன்ஜூரோ ஆனார். அந்த அரங்கு நெடுநாள் அவர் கையில் நிற்கவில்லை. ஆனால் பட்டம் நின்றது.

1874இல் அவர் எதிரில் இருந்தது பழைய எடோ அல்ல. ஷோகுனுக்குப் பின் வந்த மெய்ஜி பேரரசரின் அரசு நாட்டை மேற்கத்திய வல்லரசுகளுக்கு நிகராக நிறுத்தும் அவசரத்தில் இருந்தது. நாடகத்தையும் அந்த அவசரம் விடவில்லை. 1872இல் அதிகாரிகள் அரங்கு நடத்துபவர்களையும் நாடக ஆசிரியர்களையும் கூப்பிட்டுச் சொன்னது இதுதான்: இனி மேன்மக்களும் வெளிநாட்டவரும் நாடகம் பார்க்க வருவார்கள், பெற்றோரும் பிள்ளைகளும் சேர்ந்து பார்க்கத் தகுந்ததாக இருக்கட்டும், வரலாற்றைத் திரித்துக் காட்டாதீர்கள்.

வரலாற்றைத் திரித்தவர்கள் நாடகக்காரர்களா? இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். ஷோகுன் காலத்தில் அண்மைக்கால வீரர் குடும்பங்களின் உண்மைப் பெயர்களை மேடையில் சொல்வதே குற்றம். அதனால் ஹாஷிபா ஹிதெயோஷி என்ற பெருந்தலைவர் மேடையில் 'மாஷிபா ஹிஸாயோஷி' ஆனார். தலைவனுக்காகப் பழிவாங்கிய 47 வீரர்களின் தலைவர் ஒயிஷி குரானொஸுகே, 'ஒபோஷி யுரானொஸுகே' ஆகி, முந்நூறு ஆண்டுகளுக்கு முந்தைய காலத்துக்குத் தூக்கிப் போடப்பட்டார். பார்வையாளர்கள் அனைவருக்கும் யாரைப் பற்றிய கதை என்று தெரியும். தெரியாதது போல் பாவிப்பது கலையின் ஒரு பகுதியாகிவிட்டது. இருநூறு ஆண்டுகள் பொய்ப் பெயர் சொல்லக் கட்டாயப்படுத்திய அதிகார பீடம், இப்போது ஏன் பொய் சொல்கிறாய் என்று அதே மனிதர்களைக் கேட்டது.

டன்ஜூரோ அந்தக் கேள்வியைத் தம் சொந்தக் கேள்வியாக எடுத்துக்கொண்டார். அதிகாரிகளைக் குளிர்விக்கச் செய்தார் என்று சொல்லிவிடுவது எளிது. ஆனால் அவர் பட்ட பாட்டைப் பார்த்தால் அப்படிச் சொல்ல மனம் வரவில்லை. தகப்பனைத் துரத்திய ஊர், நடிகனை மனிதக் கணக்கிலேயே சேர்க்காத ஊர். அங்கே நடிப்பு மதிக்கத்தக்க தொழில் என்று நிறுவ ஒரு வாய்ப்பு வந்திருக்கிறது. அதை அவர் இரு கைகளாலும் பற்றிக்கொண்டார்.

அவருக்குத் துணையாக ஒரு துணிச்சல்காரர் இருந்தார்: பன்னிரண்டாம் மொரித்தா கன்யா. ஸாருவாகா தெருவின் ஒதுக்குப்புறத்திலிருந்து முதலில் வெளியேறி, 1872இலேயே அரங்கை நகர மையத்தை ஒட்டிய ஷின்தோமி பகுதிக்குக் கொண்டுவந்தவர் அவர். தீவிபத்துக்குப் பின் புதிதாகக் கட்டிய ஷின்தோமிஸா 1878 ஜூனில் திறந்தபோது, உள்ளே எரிவாயு விளக்குகள் எரிந்தன. அரசின் உயர்மட்டத் தலைவர்களும் வெளிநாட்டவரும் வந்து உட்கார்ந்திருந்தார்கள். நடிகர்கள் பின்புறம் வால்போல் நீண்ட மேற்கத்தியக் கோட்டு அணிந்து வரிசையாக நின்றார்கள். டன்ஜூரோ முன்னால் வந்து ஓர் உரையை வாசித்தார். அண்மைக்கால நாடகம் கீழ்த்தரமான சுவைக்குத் தீனி போட்டுக் கெட்டுவிட்டது, அந்த அழுக்கைத் துடைத்தெறியச் சக கலைஞர்களோடு சேர்ந்து உழைப்பேன் என்பது அதன் சாரம். எழுதிக் கொடுத்தவர் பத்திரிகையாளர் ஃபுகுச்சி ஒச்சி. மறு ஆண்டே அமெரிக்காவின் முன்னாள் அதிபர் யுலிசீஸ் கிராண்ட் அதே அரங்குக்கு வந்து நாடகம் பார்த்தார். திரைச்சீலை ஒன்றை அன்பளிப்பாகவும் கொடுத்தார். கோரைத் தொப்பிக்குள் முகத்தை மறைத்துத் தெருவில் நடந்த தலைமுறை இன்னும் உயிரோடு இருந்தது. முப்பத்தேழே ஆண்டுகளில் இவ்வளவு தூரம்.

மேடையில் டன்ஜூரோ செய்த மாற்றம் என்ன? வரலாற்று நாடகத்தில் வரலாறு இருக்க வேண்டும் என்றார். முகத்தில் வரி தீட்டுவதை விட்டார். உடையும் ஆயுதமும் அந்தந்தக் காலத்து ஓவியங்களையும் ஆவணங்களையும் பார்த்துச் செய்யப்பட்டன. 1883இல் அறிஞர்களும் ஓவியர்களும் சேர்ந்து இதற்காகவே ஒரு குழுவாகக் கூடி ஆலோசனை சொன்னார்கள். ஏழும் ஐந்துமாக அசை எண்ணி இசைபோல ஓடும் கபுகி வசனத்தை ஒதுக்கிவிட்டு, மனிதர்கள் பேசுவது போலப் பேசினார். உச்சக் கட்டத்தில் உடலை முறுக்கிச் சிலையாக உறைந்து நிற்கும் 'மியே' என்ற நிலையைக் குறைத்தார். அசையாமல் உட்கார்ந்திருப்பார், உள்ளே நடப்பது கண்ணில் மட்டும் தெரியும். வயிற்றுக்குள் நிகழும் நடிப்பு என்ற பொருளில் இதை 'ஹாராகெய்' என்பார்கள். ஜப்பானியர்களுக்கு உள்ளக்கிடக்கை தங்கும் இடம் வயிறு.

மக்களுக்குப் பிடிக்கவில்லை. அதிகாலையிலேயே கட்டுச்சோறு கட்டிக்கொண்டு வந்து பொழுதெல்லாம் பாட்டும் நிறமும் பார்த்துப் பழகியவர்கள் எதிரில், தொல்பொருள்போல் உடுத்திய ஒருவர் மெல்லிய குரலில் ஏதோ பேசிக்கொண்டிருந்தார். 1878இல் வந்த ஒரு நாடகத்தைப் பற்றி எழுதிய கனகாகி ரொபுன் என்ற பத்திரிகையாளர், இது நாடகமல்ல, 'கட்சுரெக்கி', அதாவது உயிருள்ள வரலாறு என்று கேலி செய்தார். கேலிப்பெயர் ஒட்டிக்கொண்டது, இன்று நாடக வரலாற்று நூல்கள் அந்த வகையை அந்தப் பெயரால்தான் குறிக்கின்றன. டன்ஜூரோ பின்வாங்கவில்லை. வசூல் குறைந்த காலத்திலும் பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் அதையே தொடர்ந்தார்.

இதில் பெரும் சுமையைத் தாங்கியவர் ஒருவர் உண்டு. கவாதாகே மொகுவாமி. 1816இல் பிறந்தவர், திருடர்களையும் சூதாடிகளையும் வைத்து எடோவின் இரவுகளைக் கவிதையாக எழுதியவர். அவர் பேனாவின் பலமே அந்த அசை எண்ணிய வசனம்தான். அதையே வேண்டாம் என்ற ஒரு நடிகருக்காக அவர் வரலாற்று நாடகங்கள் எழுத வேண்டியிருந்தது, எழுதினார். 1884இல் வந்த 'தகாதோகி' அவற்றுள் உயிர் பிழைத்த ஒன்று. அகந்தை கொண்ட ஆட்சியாளன் ஒருவனை, இறக்கை முளைத்த 'தெங்கு' என்னும் பூதங்கள் மனிதர் போல வந்து ஆட்டுவித்து அலைக்கழிக்கும் கதை. அது இன்றும் ஆடப்படுவதற்குக் காரணம் அதிலுள்ள வரலாற்றுத் துல்லியம் அல்ல. பூதங்களின் நடனம்தான் என்பது என் எண்ணம்.

டன்ஜூரோவோடு எப்போதும் சேர்த்துச் சொல்லப்படும் இன்னொரு பெயர் ஐந்தாம் ஒனோயே கிக்குகோரோ. அவரும் புதுக்காலத்தைப் பிடிக்க முயன்றார், ஆனால் வேறு பக்கமிருந்து. குடுமி எடுத்த தலை, ரயில், தந்தி, செய்தித்தாள் என்று தெருவில் நடப்பதையே மேடைக்குக் கொண்டுவந்தார். ஸ்பென்சர் என்ற ஆங்கிலேயர் தோக்கியோவில் பலூனில் பறந்து காட்டியதும், 1891 ஜனவரியில் கிக்குகோரோ கபுகிஸா மேடையில் அந்த ஸ்பென்சராகவே பலூன் ஏறினார். முதலாம் இச்சிகாவா ஸாதான்ஜி என்ற நடிகர் இவர்களோடு சேர்ந்த மூன்றாமவர். இந்த மூவரின் பெயர்களிலிருந்தும் ஓர் எழுத்தாக எடுத்து 'டான்-கிக்கு-ஸா' என்று அந்தக் காலத்தையே அழைப்பார்கள்.

1886இல் நாடகச் சீர்திருத்தச் சங்கம் என்று ஒன்று கிளம்பியது. ஐரோப்பா போய்வந்த ஸுயேமாட்சு கென்ச்சோ முன்னின்றார். அமைச்சர்களும் தொழிலதிபர்களும் அதில் இருந்தார்கள். அவர்களின் பல திட்டங்கள் காகிதத்தோடு போயின. ஒன்று மட்டும் நடந்தது. 1887 ஏப்ரல் 26 முதல் நான்கு நாட்கள், வெளியுறவு அமைச்சர் இனோவே கவோருவின் இல்லத்தில் மேடை கட்டி, மெய்ஜி பேரரசர் முன்னிலையில் கபுகி ஆடினார்கள். முதல் நாள் பேரரசர், அடுத்து பேரரசி, பிறகு பிரமுகர்களும் வெளிநாட்டவரும், கடைசி நாள் பேரரசரின் அன்னை.

பேரரசர் முன் டன்ஜூரோ ஆடிய முக்கிய நாடகம் எது என்பதுதான் எனக்கு இந்தக் கதையில் மிகவும் பிடித்த இடம். அது 'கன்ஜின்ச்சோ'. 1840இல் அவர் தகப்பன் ஏழாம் டன்ஜூரோ முதன்முதலாக அரங்கேற்றியது. அண்ணனுக்குப் பயந்து துறவி வேடமிட்ட துணைவர்களோடு சுமைதூக்கியாகத் தப்பி ஓடும் வீரத்தலைவன் யோஷிட்சுனேயைக் காப்பாற்ற, அவன் துணைவன் பென்கேய் சோதனைச் சாவடியில் நின்று, ஒன்றுமே எழுதாத வெறும் காகிதச் சுருளை விரித்து, கோயில் நன்கொடைப் பத்திரம் என்று கணீரென்று வாசிக்கிறான். காவலனுக்குச் சந்தேகம் தீரவில்லை. அப்போது பென்கேய் தன் தலைவனையே சுமைதூக்கி என்று திட்டித் தடியால் அடிக்கிறான். தலைவனை அடிக்க ஒரு வீரனுக்கு எவ்வளவு பற்று இருக்க வேண்டும் என்பது காவலனுக்குப் புரிகிறது. புரிந்தும் புரியாதவனாக வழிவிடுகிறான். வீரர் குலத்தினர் போற்றிய 'நோ' என்ற பழைய முகமூடி நாடகத்தைப் பார்த்து ஏழாம் டன்ஜூரோ இதை உருவாக்கினார். இரண்டு ஆண்டுகளில் நிஜக் கவசம் அணிந்த குற்றத்துக்காக நகரைவிட்டே விரட்டப்பட்டார். இப்போது அவர் மகன், அதே நாடகத்தை, நாட்டின் பேரரசர் எதிரில். அந்த மகன் நிஜக் கவசம் அணிந்து ஆடியபோது அறிஞர்கள் உடன் நின்று அளவு சரிபார்த்தார்கள்.

இந்த 'கன்ஜின்ச்சோ'வை டன்ஜூரோ ஆண்டுக்காண்டு செதுக்கினார். முரட்டுத்தனம் குறைந்தது, நோவின் அமைதி கூடியது. பென்கேயின் உள்ளே ஓடும் அச்சமும் துயரமும் வெளியே தெரியும் அளவு மட்டும் தெரிந்தன. இன்று கபுகியில் அதிகம் ஆடப்படும் நாடகங்களில் இதுவும் ஒன்று. ஆடுபவர்கள் பின்பற்றுவது 1840இன் வடிவத்தை அல்ல, இவர் செதுக்கி முடித்ததைத்தான்.

1889 நவம்பரில் கபுகிஸா திறந்தது. ஃபுகுச்சி ஒச்சி கூட்டாளி ஒருவரோடு சேர்ந்து கட்டியது. வெளியே மேற்கத்தியக் கட்டடம், உள்ளே ஜப்பானிய அரங்கு. டன்ஜூரோவின் கடைசிப் பதினான்கு ஆண்டுகள் பெரும்பாலும் இந்த மேடையில்தான். 1894இல் சீனாவோடு போர் மூண்டபோது, கவாகாமி ஒட்டோஜிரோ என்ற புதியவர் கபுகிப் பயிற்சி எதுவுமில்லாமல் துப்பாக்கியும் புகையுமாகப் போர்க்கள நாடகம் போட்டு நகரையே தன் பக்கம் இழுத்தார். கபுகிஸாவும் டன்ஜூரோவை வைத்து ஒரு போர் நாடகம் போட்டது. எடுபடவில்லை. நிகழ்காலத்தை மேடையேற்றும் வேலை கபுகியின் கையை விட்டுப் போய்விட்டது. அதன் பிறகு டன்ஜூரோ பழைய நாடகங்களுக்குத் திரும்பினார்.

திரும்பியவர் பழைய ஆளாகத் திரும்பவில்லை என்பதுதான் முக்கியம். 'குமகாயின் பாசறை'யை எடுத்துக்கொள்ளுங்கள். 1751இல் பொம்மலாட்டத்துக்காக எழுதப்பட்ட நாடகம் அது. எதிரி குலத்து இளைஞன் அட்சுமோரியைக் காப்பாற்ற வேண்டும் என்பது குமகாய்க்கு மேலிடத்திலிருந்து வந்த மறைமுகக் கட்டளை. நேராகச் சொல்லாமல், ஒரு பூமரத்தின் கிளையை வெட்டினால் விரலை வெட்டுவேன் என்று எழுதிய அறிவிப்புப் பலகையாக அதை அனுப்புகிறார்கள். அவன் தன் பதினாறு வயது மகனின் தலையை வெட்டி அட்சுமோரியின் தலை என்று கொண்டுவருகிறான். மனைவி வந்து நிற்கிறாள். அவள் எதிரில் அந்தத் தலையைக் காட்ட வேண்டும்.

இந்த வேடத்துக்கு இரண்டு ஆட்டமுறைகள் இன்றும் உண்டு. பழைய முறையில் குமகாயின் முகம் செவ்வண்ணம் பூசியது; அறிவிப்புப் பலகையை நிமிர்த்திப் பிடித்து மிடுக்காக நிற்கிறான்; கடைசியில் எல்லாப் பாத்திரங்களும் மேடையில் அணிவகுத்து நிற்கத் திரை விழுகிறது. டன்ஜூரோ முறையில் நிறம் அடங்குகிறது, பலகை தலைகீழாகத் தரையில் ஊன்றப்படுகிறது. முடிவில் திரையை அவன் முதுகுக்குப் பின்னால் இழுத்து மூடிவிடுகிறார்கள். தலையை மழித்துத் துறவுக் கோலம் பூண்ட ஒரு மனிதன், பார்வையாளர்களுக்கு நடுவே ஓடும் 'ஹனமிச்சி' என்ற நடைமேடையில் தனியாக நிற்கிறான். பதினாறு ஆண்டுகள் ஒரு கணம் போல ஓடிவிட்டன, கனவு, எல்லாம் கனவு என்கிறான். தொலைவில் போர் முரசு கேட்கிறது. வீரனின் உடம்பு பழக்கத்தால் ஒரு நொடி விறைக்கிறது. பிறகு கூடைத்தொப்பியால் தலையை மூடிக்கொண்டு ஓடாத குறையாக அந்தப் பாதையில் மறைகிறான்.

கட்சுரெக்கியில் மக்கள் சகிக்காத அதே அமைதிதான் இது. அங்கே அந்த அமைதிக்குள் ஒளிந்திருந்தது ஆவணச் சான்று; இங்கே ஒளிந்திருப்பது தன் பிள்ளையைக் கொன்ற தகப்பன். நூறாண்டுகளுக்கு மேல் மெருகேறிய ஒரு நாடகத்தின் கனம் பின்னால் நின்றபோது, அசையாத முகம் தாங்கமுடியாததாக ஆனது. இன்று பெரும்பாலான நடிகர்கள் இந்த முறையில்தான் ஆடுகிறார்கள். பழைய முறை அரிதாகத்தான் மேடை ஏறுகிறது.

இன்னொரு படைப்பு அவர் வீட்டுக்குள்ளேயே பிறந்தது. அவருக்கு ஆண் வாரிசு இல்லை, மகள்கள் இருவர். அவர்கள் பழைய சிங்க நடனம் ஒன்றைப் பழகுவதைப் பார்த்துக்கொண்டிருந்தவருக்கு ஒரு எண்ணம் தோன்றியது. ஃபுகுச்சி ஒச்சியை வரிகள் எழுதச் சொல்லி, 1893இல் கபுகிஸாவில் 'ககாமிஜிஷி'யாக அரங்கேற்றினார். ஷோகுன் கோட்டையில் புத்தாண்டுச் சடங்கில் யாயோய் என்ற இளம் பணிப்பெண்ணைக் கூச்சத்தோடு ஆடவிடுகிறார்கள். சிங்கமுகத்தை அவள் கையில் எடுத்ததும் அந்த மரத்தாடை தானாக அசைந்து அவளை இழுத்துக்கொண்டு போகிறது. பிறகு அதே நடிகர் நீண்ட வெள்ளைப் பிடரி சுழற்றும் சிங்கமாக வருகிறார். நாணும் கன்னியாகவும் சீறும் சிங்கமாகவும் ஆடியபோது டன்ஜூரோவுக்கு ஐம்பத்தைந்து வயது நெருங்கிக்கொண்டிருந்தது. சிங்கத்தைச் சுற்றிப் பறக்கும் இரண்டு பட்டாம்பூச்சிகளாக மேடையேறியவர்கள் அவருடைய மகள்கள். 1629இலிருந்து பெண்களுக்குத் தடை விதித்திருந்த மேடை மரபு அது. பெண் ஒருவரைச் சீடராகவும் ஏற்றிருந்தார். இச்சிகாவா குமேஹாச்சி என்ற அந்த நடிகையைப் பெண் டன்ஜூரோ என்றே பேசினார்கள். மகள்களை மேடையில் நிறுத்திய இந்தச் செயலை அவருடைய வரலாற்று ஆராய்ச்சிகள் அனைத்தையும்விடத் துணிச்சலானதாக நான் கருதுகிறேன். ஆனால் கபுகி அந்த வழியில் மேற்கொண்டு நடக்கவில்லை.

அவர் முகத்தை நாம் இன்றும் அறிவதற்கு இன்னொருவருக்கும் நன்றி சொல்ல வேண்டும். மரஅச்சு ஓவியர் தொயொஹாரா குனிச்சிகா, டன்ஜூரோவின் நூறு வேடங்களை 1890களில் வரிசையாக வரைந்து வெளியிட்டார். நீண்ட முகம், பெரிய விழிகள், இறுகிய உதடு. வேடம் நூறு மாறினாலும் அந்த விழிகள் மாறுவதில்லை.

1903 பிப்ரவரியில் கிக்குகோரோ இறந்தார். தகப்பனை இழந்த அவர் மகன் அடுத்த மாதமே ஆறாம் கிக்குகோரோவாகப் பெயர் சூடியபோது பின்னால் நின்று தாங்கியவர் டன்ஜூரோ. அந்தப் பையனைத் தன்னிடமே வைத்துப் பயிற்றுவித்தவரும் அவர்தான். அந்தக் கோடையில் ஒசாக்கா மேடைக்கு ஒப்புக்கொண்டிருந்த டன்ஜூரோவை நோய் படுக்கையில் தள்ளியது. ஆள் வர முடியாததால், அவருக்குப் பதிலாக, உயிரோடிருக்கும்வரை காட்டக் கூடாது என்று அவர் விதித்திருந்த அந்தப் படத்தைக் காட்டினார்கள். விசிறி பறக்கும் படம். செப்டம்பர் 13 அன்று, மீன்பிடித்து ஓய்வெடுக்க அவர் விரும்பிப் போகும் கடலோரத்துச் சிகாஸாகி இல்லத்தில் உயிர் பிரிந்தது. ஸாதான்ஜி மறு ஆண்டு போனார்.

மகன் இல்லாததால் பட்டம் மறுபடியும் அநாதையானது. மூத்த மகளை மணந்தவர் வங்கியில் வேலை பார்த்தவர். நாடகக் குடும்பத்தில் பிறக்காதவர். மாமனார் இறந்து ஏழாண்டுகள் கழித்து, முப்பதை நெருங்கும் வயதில், மேடையேறத் துணிந்தார். பிள்ளைப் பருவத்திலிருந்து பழகியவர்களோடு போட்டி போடும் உடம்பு அவருக்கு இல்லை. பட்டத்தைச் சூட அவர் கேட்கவுமில்லை. மாறாக, பதினெட்டு நாடகங்களில் யாரும் ஆடாமல் மறைந்துபோனவற்றைப் பழைய குறிப்புகளிலிருந்து தேடி எடுத்து ஒவ்வொன்றாக மீண்டும் மேடையேற்றினார். 1956இல் அவர் இறந்த பிறகுதான் பத்தாம் டன்ஜூரோ என்ற பெயரை அளித்தார்கள்.

ஆட்டம் வேறு வழியில் இறங்கியது. சீடர் ஏழாம் மட்சுமோட்டோ கோஷிரோ, ஆசான் செதுக்கிய பென்கேயைத் தன் வாழ்நாளில் ஏறக்குறைய 1,600 முறை ஆடினார். சிகாஸாகியில் பயின்ற ஆறாம் கிக்குகோரோ 'ககாமிஜிஷி'யைத் தனதாக்கிக்கொண்டார். அவர் ஆடும் கோலத்தில் ஹிராகுஷி தென்ச்சூ செதுக்கிய மரச்சிற்பத்தைத் தோக்கியோவின் தேசிய நாடக அரங்கில் வைத்தார்கள். கோஷிரோவின் மூத்த மகனை அந்த வங்கிக்காரர் தத்தெடுத்தார். 1962இல், 59 ஆண்டுகளுக்குப் பிறகு, அவர் பதினொன்றாம் டன்ஜூரோவாக மேடையில் நின்றார்.

அஸாகுஸாவில், கோயிலுக்குப் பின்புறம், ஒன்பதாம் டன்ஜூரோவுக்கு ஒரு வெண்கலச் சிலை உண்டு. 'ஷிபாராக்கு' நாடகத்தின் வேடம்: காற்றாடிபோல் விரிந்த சட்டைக் கைகளில் மூன்று சதுரச் சின்னம், ஆளுயர வாள், முகத்தில் வரி. வாழ்நாளில் பாதியைக் கழித்து அவர் களைய முயன்ற அதே கோலத்தில்தான் சிற்பி ஷின்கய் தகேதாரோ அவரை வார்த்தார். 1919இல் வைத்தார்கள். 1944இல் போருக்கு உலோகம் வேண்டுமென்று பிடுங்கிக்கொண்டு போனார்கள். இப்போது நிற்பது 1986இல் மீண்டும் வார்த்து வைத்தது.